ரூபாய்க்கு எத்தனை கன்று?

முத்துப்பேட்டைச் சதுப்பில் அலையாத்தி மரம் நடும் திட்டத்தின் செலவு அட்டவணையை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள், மறுபடி இங்கே போடவில்லை. அதில் "தேவையில்லாத செலவு" என்று மூன்று வரிகளை அடித்திருக்கிறார்கள். தில்லை, நரிக்கண்டல் என்ற இரண்டு அலையாத்தி இனங்களுக்கான நாற்றங்கால் ஒன்று. கடல்நீர் வந்துபோகும் வாய்க்கால்களைத் தூர்வாரும் தொகை ஒன்று. இரண்டாவது நடவு இடம் ஒன்று. மிச்சம் இருப்பது ஒரே இடத்தில் வெண்கண்டல் என்ற ஒரே இனம் மட்டும். கன்றுக்கு ஆகும் செலவு நன்றாகவே குறைந்திருக்கிறது, அதற்குத்தான் அத்தனை பாராட்டு. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பெயர் "கணக்குத் தெரியாத மர ஆர்வலர்கள்".

கணக்கு தெரியும். கணக்கையே பேசுவோம்.

வெண்கண்டலை யாரும் குறை சொல்லவில்லை. விதை கொத்தாகக் கிடைக்கும், முளைக்க வைப்பது சுலபம், இலையிலேயே உப்பை வெளியேற்றும், ஒடிந்தாலும் துளிர்க்கும். தில்லை அப்படியல்ல. விதை சிறிது, சேற்றில் நேரே போட்டால் ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், அடித்துக்கொண்டு போய்விடும், பையில் வளர்த்துத்தான் நட வேண்டும். அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதனால் ஆள் கிடைப்பதும் கடினம். செலவு கூடத்தான் செய்யும். அந்தச் செலவுதான் கெட்ட வருடத்துக்கான முன்பணம் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

கெட்ட வருடம் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஏறக்குறைய முழுக்க வெண்கண்டல்தான் இருந்தது. ஒரே இனம், காற்றுக்கு ஒரே மாதிரி பதில். அதே காற்றில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் சாய்ந்ததைப் பார்த்த பிறகும் ஒற்றைப் பயிரை ஒரு திட்டமாக எழுத எப்படி மனம் வருகிறது? புயல் மட்டுமில்லை, தேக்கு இலையைச் சல்லடையாக்கும் புழு வெண்கண்டலையும் மொட்டையடிக்கும். ஒரே இனம் நெருக்கமாக நின்றால் மரத்துக்கு மரம் பரவ அதற்குத் தடையே இல்லை.

"முத்துப்பேட்டை உப்புக்கு வேறெதுவும் வராது" என்பார்கள். பாதி உண்மை. உள்ளே தேங்கிய பகுதியில் வராது, அங்கே வெண்கண்டலையே நடுங்கள். ஆனால் கோரையாறும் பாமணியாறும் வந்து சேரும் கரையோரங்களில், மழைக்காலத்தில் நன்னீர் இறங்கும் இடத்தில், நரிக்கண்டலும் தில்லையும் ஏன் வராது? இடத்துக்கு இடம் உப்பை அளந்து பார்த்துவிட்டா அந்த வரியை அடித்தார்கள்?

"மற்ற இனங்கள் தானாக வந்து சேரும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்தில் தாய்மரம் இருந்தால் வரும். இல்லையென்றால் எங்கிருந்து வரும்?

"பணம் குறைவு, சிக்கனம் குற்றமா" என்பதுதான் பலருடைய கேள்வி. சிக்கனத்துக்கென்றே மென்பொருள் வைத்துத் திட்டம் போட்டவர்களைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004இல் எங்கே மீன்பிடிக்கலாம், எங்கே கூடாது என்று மறுவரையறை செய்தபோது, 70 உயிர்ப்பகுதிகள் (ஒரே மாதிரி உயிரினங்கள் வாழும் பரப்புகள்) ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மீன்பிடிப்பு இல்லாத பகுதியாக வேண்டும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. பெரும்பாலான பகுதிகளில் அதையும் ஒரே துண்டாக வைக்காமல் மூன்று நான்கு இடங்களில் பிரித்து வைக்கச் சொன்னார்கள். ஒன்றைப் புயல் அடித்தால் இன்னொன்று மிஞ்சட்டும் என்றுதான். நம் அட்டவணையில் இரண்டாவது இடத்துக்குப் பெயர் "இரட்டிப்பு".

இனி வாய்க்கால். எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இங்கேதான். இந்தக் காடு ஏன் கெட்டது? வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து, சுழற்சி முறையில் மொட்டையாக வெட்டினார்கள். அன்றைக்கு அதுவும் சிக்கனமான திட்டம்தான். வெயில் பட்ட சேறு காய்ந்து அமிழ்ந்தது, பள்ளத்தில் கடல்நீர் தேங்கியது, தேங்கிய நீர் ஆவியாகி உப்பு ஏறியது. அதைச் சரிசெய்யத்தான் மீன்முள் வடிவ வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைகள், மேலே அகலம், அடியில் குறுகல். வாய்க்கால் சரிவின் நடுவில் கன்று. ஓதம் ஏறும்போது நனைய வேண்டும், இறங்கும்போது வடிய வேண்டும். நம் கரையில் ஏற்ற இறக்கமே பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள். வாய்க்காலின் வாயில் ஒரு சாண் வண்டல் படிந்தால் போதும், தண்ணீர் உள்ளே வருவது குறையும், வந்தது வெளியே போகாது, மே மாதத்தில் பழைய உப்பு திரும்பிவிடும்.

அந்தப் பக்கம் நண்டு பிடிக்கும் ஒரு அண்ணன் சொன்னது: "வாய்க்கா மூடுனாலும் கண்டு உசுரோடதான் தம்பி நிக்கும். வளராது, அவ்வளவுதான்." முதல் வருடம் எண்ணினால் உயிரோடு இருக்கும் கன்று. அறிக்கையில் 'பிழைத்தது'. திட்டம் மூடியபின் எண்ண யாரும் வரமாட்டார்கள். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு நட்ட இடங்களைப் பின்னாளில் போய்ப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. சேற்றின் மட்டம் பார்க்காமல், சரியான இனம் பார்க்காமல் நட்டது முக்கியக் காரணம். நடும்போது அவையும் வெற்றித் திட்டங்கள்தான்.

வாய்க்கால் வெட்ட அந்த அண்ணன் மாதிரி ஆட்களுக்குத்தான் கூலி கொடுக்கிறோம். எந்த வாய் எப்போது அடைகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பராமரிக்கும் பணத்தை அடிக்கும் முன் அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டவர்களையோ வேலைக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்கிறீர்கள். இந்தச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி நிற்பவர்களைப் பார்த்து அப்படிச் சொல்வது வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

பணம் நிஜமாகவே இவ்வளவுதான் என்றால் கன்று எண்ணிக்கையைக் குறையுங்கள். பாதி கன்று, இரண்டு இடம். அதுவும் முடியாது, மூன்று வரிகளில் ஒன்றுதான் திரும்ப வரும் என்றால், தூர்வாரும் தொகையைச் சேருங்கள். ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வாய்களைத் திறந்துவிட வேண்டும், ஊர் ஆட்களை வைத்து, மண்வெட்டியால். இயந்திரம் இறக்கினால் சரிவும் போகும், அதில் நிற்கும் கன்றும் போகும்.