அந்த வீடியோவுக்கு என்னால் கைதட்ட முடியாது

இரண்டு நாளாக அதே வீடியோவை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். இடுப்பில் பெல்ட் இல்லை, கையில் கிளவுஸ் இல்லை. சார்ஜில் இருக்கும், அதாவது கரண்ட் நிற்காத, 11 கேவி (11,000 வோல்ட்) லைனில் விழுந்த தென்னை மட்டையை மூங்கில் கழியால் தள்ளிவிடுகிறார் ஒரு தம்பி. கீழே "ரியல் ஹீரோ" என்று கைதட்டல்.

நான் கரண்டை நிறுத்தாமலே லைனில் வேலை செய்யும் ஹாட்லைன் டீமில் இருந்தவன். சார்ஜில் இருக்கும் லைனில் வேலை செய்வது படித்துப் பழகிச் செய்யவேண்டிய தொழில். பயிற்சி தராமல் ஒருவரை ஏற்றிவிடுவது குற்றம்.

பெங்களூரில் தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனத்தின் ஹாட்லைன் மையத்தில் எங்களை எடுத்ததும் லைன் பக்கம் விடவில்லை. முதலில் லைனைத் தொட்டு வேலை செய்யும் நீளக் கழியான ஹாட் ஸ்டிக்கைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது ஃபைபர் கிளாஸ்தான். ஆனால் மேலே தூசியும் ஈரமும் படிந்தால் அதன் வழியாகவே கரண்ட் கைக்கு இறங்கிவிடும். ஃபைபருக்கே இந்தக் கதி என்றால் மூங்கிலை என்ன சொல்ல! அப்புறம் சப்ளை இல்லாத டவரில் திரும்பத் திரும்ப அதே வேலை. கடைசியில்தான் சார்ஜில் இருக்கும் 230 கேவி லைன். உலோக இழை கலந்து நெய்த உடையோடு கம்பியை நெருங்கும்போது படபடவென்று பொறி பறக்கும். உடையைக் கம்பியோடு இணைக்கும் பாண்டிங் கிளாம்ப்பை மாட்டியதும் அடங்கிவிடும். உடம்பும் கம்பியும் ஒரே அழுத்தத்துக்கு வந்துவிட்டால் உள்ளே கரண்ட் பாய வழியில்லை. அந்த நிலையில் டவர் பக்கம் கை நீட்டினால் முடிந்தது கதை. 230 கேவி என்பது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே; கம்பிக்கும் டவருக்கும் நடுவே 133 கேவி நிற்கிறது. லைன் ட்ரிப் ஆனால் தானாகத் திரும்ப சார்ஜ் ஆகாதபடி சப்ஸ்டேஷனில் ஆட்டோ ரீக்ளோஸை நிறுத்தி வைப்பார்கள். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு வேலையே கிடையாது.

"அனுபவம் போதாதா?" என்று கேட்கிறார்கள். என்னோடு இருந்த ஒரு அண்ணனுக்கு அனுபவத்துக்குக் குறைவே இல்லை. எல்.சி., அதாவது சப்ளையை நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்ற அனுமதி, வாங்கிக்கொண்டுதான் ஏறினார். யாரோ வீட்டு ஜெனரேட்டரை அதை லைனிலிருந்து பிரித்துவைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்தார்கள். அந்த 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி 11 கேவியாக மேலே ஏறிவிட்டது. கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சின் மூன்று பிளேடும் விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகும், கம்பியைத் தரையோடு இணைக்கும் டிஸ்சார்ஜ் ராடு (எர்த் ராடு) போட்டு இருபக்கமும் எர்த் செய்யச் சொல்வது இதற்குத்தான். அன்று அந்த வண்டியில் எர்த் ராடே இல்லை. மறுநாள் ஊரில் எல்லோரும் "கவனக்குறைவு" என்றார்கள். அவர் மனைவி காதுபடவே சொன்னார்கள்.

"பயிற்சிக்குச் செலவாகும்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"கரண்டை நிறுத்தினால் மக்கள் திட்டுகிறார்களே" என்பது நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரி இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹாட்லைன் முறை வந்ததே அதற்காகத்தான். அதற்கான ஆளும் கருவியும் இல்லாத இடத்தில் லைனை நிறுத்தித்தான் ஆகவேண்டும். பத்து நிமிஷம் கரண்ட் போனால் செக்‌ஷன் ஆபீசுக்கு போன் போட்டு அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுவதும் நாம்தானே? அந்த அவசரம்தான் ஒருவரைக் கழியோடு மேலே ஏற்றுகிறது.

எல்லோரையும் பெங்களூருக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஏறுகிற ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் சேர்த்து, பெல்ட், ஹெல்மெட், கிளவுஸ், எர்த் ராடு கொடுங்கள். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒழுங்காகக் கற்றுக்கொடுங்கள். சப்ளை இருந்தால் ஏறமாட்டேன் என்று சொல்பவரை வேலையிலிருந்து தூக்காதீர்கள். அந்தத் தம்பியை மேலே அனுப்பிவிட்டுக் கீழே நின்ற சூப்பர்வைசர் யார் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.