கருவாடும் பீரோவும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி ஒரு செய்தியைப் போட்டான். நாயின் மூளையில் பூனையைவிட இரண்டு மடங்கு நியூரான், அதாவது நரம்பு செல், இருக்கிறதாம், ஆகவே நாய்தான் அறிவாளி, பேச்சு முடிந்தது என்று. அம்மா உடனே குரல் பதிவில் வந்துவிட்டாள். "அவ்வளவு அறிவு இருந்தா தீபாவளிக்கு தீபாவளி கருப்பன் ஏன்டா கட்டிலுக்கு அடியில நடுங்கிக்கிட்டு கிடக்கான்? என் செம்பி பரண்ல ஏறித் தூங்குறா."

கருப்பன் நாட்டு நாய், வயது ஆறு. செம்பி மழைக்கு எங்கள் படியேறி வந்து அப்படியே தங்கிவிட்ட பூனை. இரண்டுக்கும் சோறு வைப்பவள் நான் என்பதால் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

முதலில் அந்த நியூரான் கணக்கு. அது பொய்யில்லை. பிரேசிலைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹௌசெலின் குழு 2017இல் வெளியிட்டது. பெருமூளைப் புறணியில், அதாவது யோசிக்கிற வேலையைச் செய்யும் மூளையின் மேலடுக்கில், நாய்க்குச் சுமார் 53 கோடி, பூனைக்கு 25 கோடி. (நமக்கு 1600 கோடியாம். வாட்ஸ்அப்பைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை.) ஆனால் அவர்கள் எண்ணியது ஒவ்வொரு விலங்கிலும் ஒன்றிரண்டு மூளைகளைத்தான். அதே பட்டியலில் பழுப்புக் கரடிக்கும் பூனைக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. கரடியின் மூளையோ அளவில் பூனையுடையதைப்போலப் பத்து மடங்கு. கரடியையும் பூனையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிற கணக்கை வைத்து எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தை எப்படி முடிப்பது?

அடுத்து தம்பி சேஸரைக் கொண்டு வந்தான். அமெரிக்காவில் 1022 பொம்மைகளின் பெயரைத் தெரிந்து வைத்திருந்த பார்டர் கோலி நாய். சரி. ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் மூன்று வருடம், தினமும் மணிக்கணக்கில் அதற்குச் சொல்லிக்கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்க்கவென்றே வளர்த்தெடுத்த இனம் வேறு. நம் கருப்பனுக்குத் தெரிந்தது "வா", "சோறு", "வெளியே" என்று ஒரு அஞ்சு வார்த்தை. ஆறாவது வார்த்தைக்கு யாரும் மெனக்கெடவில்லை.

பூனைக்குப் பெயர் தெரியாது என்பதும் பழைய கதை. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2019இல் இதைச் சோதித்துக் காட்டினார். நான்கு வேறு வார்த்தைகளை ஒரே தொனியில் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாகப் பூனையின் பெயர். வீட்டில் செய்து பார்த்தேன். துடைப்பம், தக்காளி, தலையணை, சாவி என்று சொன்னபோது முதுகைக் காட்டிப் படுத்திருந்தவளிடம் ஒரு அசைவும் இல்லை. செம்பி என்றதும் இடது காது மட்டும் மெல்லப் பின்னால் திரும்பியது. அப்புறம் பழைய இடத்துக்கே போய்விட்டது. அவளுக்குத் தெரியும். வரவேண்டிய அவசியம்தான் தெரியவில்லை.

ஆனால் நான் நாய்ப் பக்கம் சாய்ந்தது வேறு ஒரு காரணத்தால். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஹாலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்று தெறித்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. நாலு விரல் இடைவெளிதான். கருப்பன் முன்காலை விட்டு இரண்டு தரம் துழாவினான். எட்டவில்லை. உடனே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு பீரோவைப் பார்த்தான். திரும்ப என்னை. நான் அசையாமல் இருந்ததும் அம்மாவிடம் போய் அதையே செய்தான். அவள் தலை நிமிராததால் மறுபடி என்னிடம் வந்து, இந்தத் தடவை லேசான முனகலோடு.

அவனைக் கொல்லைப்புறம் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு கருவாட்டை உள்ளே தள்ளி செம்பியைக் கூப்பிட்டேன். அதாவது, கருவாட்டு வாசனை கூப்பிட்டது. கன்னம் தரையில் பட ஒருக்களித்துப் படுத்து, தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டாள். அந்தப் பக்கம் போனாள், சுவர் ஓரமாக முயன்றாள், திரும்ப முன்னால் வந்தாள். இருபது நிமிடம். ஒரு முறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் கையை நக்கித் துடைத்துக்கொண்டு, அங்கே கருவாடே இருந்ததில்லை என்பதுபோல எழுந்து போனாள்.

2005இல் புடாபெஸ்டில் ஆடம் மிக்லோசியின் குழு கிட்டத்தட்ட இதையேதான் செய்து பார்த்தது. உணவு எட்டாதபோது நாய்கள் எஜமானரைத் திரும்பிப் பார்த்தன, பூனைகள் அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. கையை நீட்டிக் காட்டினால் புரிந்துகொள்வதில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய சமம். அறிவுக் குறைவு இல்லை, வழக்கம் அப்படி. நாய் கூட்டமாக வேட்டையாடிய ஓநாயின் வழி வந்தது, குறைந்தது 15,000 வருடமாக நம்மோடு இருக்கிறது. பூனை தனியாக வேட்டையாடியே பழகியது. தானியத்துக்கு வந்த எலியைத் தேடி நம்மிடம் வந்து சேர்ந்தது.

பூனை கேட்கவே கேட்காதா என்றால், கேட்கும். கதவு திறக்க, காலையில் பால் ஊற்ற, அந்தக் கத்தல் தெருமுனைக்குக் கேட்கும். நாம் செய்யவேண்டிய வேலையை நம்மிடம் கேட்கும். தன் வேலை என்று நினைத்துவிட்டால் யாரையும் சேர்த்துக்கொள்ளாது.

மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது எனக்கு வாடிக்கை. டேங்க் நிரம்பி வழிந்தால் செம்பி ஈரம் படாத மதில் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். புத்திசாலித்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கருப்பன் நனைந்த காலோடு உள்ளே வந்து என் முன்னால் நிற்பான். வீட்டில் கூட இருக்க எந்த அறிவு வேண்டும் என்று கேட்டால், நான் இரண்டாவதைச் சொல்வேன். கரண்ட் பில் கட்டுகிறவள் நான்.

இதை இப்படியே குழுவில் எழுதிப் போட்டேன். தம்பிக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் வந்து, நாறும் என்று சொல்லி பீரோவை அவனே நகர்த்தினான். தூசி, ஒரு ஹேர்பின், இரண்டு ரூபாய் நாணயம். கருவாடு இரண்டும் இல்லை.

"ராத்திரி செம்பி எடுத்திருப்பா" என்றாள் அம்மா. "எலியா இருக்கும்" என்றான் தம்பி. பூனை இருக்கிற வீட்டில் ஏதுடா எலி என்று அம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. செம்பி பீரோ மேலேதான் படுத்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காது மட்டும் திரும்பியது.