லாச்சப்பலுக்கு ஒரு ஐந்து நிமிடம்

'பரிஸ், ஜு தெம்' ('பரிஸ், உன்னைக் காதலிக்கிறேன்') என்ற படத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். முழுவதும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் மூன்று கதைகளையாவது பாருங்கள்.

2006இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் காட்டிய படம். 18 குறும்படங்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவில். பரிஸின் 20 வட்டாரங்களில் 18க்கு, வட்டாரத்துக்கு ஒரு காதல் கதை. கோயன் சகோதரர்கள், அல்ஃபோன்சோ குவாரோன், டொம் டிக்வர் என்று பெரிய பெரிய ஆட்கள் எடுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் ரத்தக்காட்டேரி வரும் கதை, ஊமைக்கூத்து ஆடுகிறவர்களின் கதை எல்லாம் பார்த்ததோடு சரி, மனதில் ஒட்டவில்லை. பிழைக்க வந்தவர்களின் கதைகள்தான் நிற்கின்றன.

வால்டர் சாலஸும் டானியெலா தோமஸும் எடுத்ததில் ஒரு இளம் தாய் இருட்டோடு எழுந்து தன் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறாள். வரிசையாகத் தொட்டில்கள். குழந்தை வீரிட்டு அழுகிறது. திரும்பி வந்து குனிந்து, கையை ஆட்டி ஆட்டி ஒரு ஸ்பானியத் தாலாட்டுப் பாடுகிறாள். அப்புறம் பேருந்து, மெட்ரோ, மாறி மாறி ஓட்டம். கடைசியில் பணக்காரர்கள் வசிக்கும் 16ஆம் வட்டாரத்தில் ஒரு வீடு. இன்றைக்கு வர ஒரு மணி நேரம் பிந்தும், பரவாயில்லைதானே என்று வீட்டுக்காரியின் குரல் மட்டும் கேட்கிறது. பரவாயில்லை என்கிறாள். உள்ளே அந்த வீட்டுக் குழந்தை அழுகிறது. அதே பாட்டு, அதே கையசைவு. அவள் கண் மட்டும் குழந்தையிடம் இல்லை, ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. காதல் கதைகளுக்கு நடுவில் இதை வைத்ததற்காகவே இந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது ஒலிவர் ஷ்மிட்ஸ் எடுத்தது. கத்திக்குத்துப்பட்டுச் சதுக்கத்தில் கிடக்கும் நைஜீரிய இளைஞன், முதலுதவி செய்ய வந்த பெண்ணைக் கோப்பி குடிக்கக் கூப்பிடுகிறான். அவளை அவன் முன்பே பார்த்து மனதில் வைத்திருந்தவன். கோப்பி வந்து சேரும்போது அவன் இல்லை.

மூன்றாவது, படத்தின் கடைசிக் கதை. அலெக்சாண்டர் பெய்ன் எடுத்தது. டென்வரில் கடிதம் விநியோகிக்கும் நடுவயதுப் பெண் தனியாகப் பரிஸ் வந்து, பூங்காவில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறாள். துணை யாரும் இல்லை. இருந்தும் 18இல் மிக அழகான காதல் இவளுடையது என்றுதான் சொல்வேன்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். டிக்வரின் கதைக்குப் பெயர் 'ஃபோபூர் சான் தெனி'. கண் தெரியாத மாணவனும் நடாலி போர்ட்மன் நடித்த அமெரிக்கப் பெண்ணும் காதலிக்கிறார்கள். நல்ல கதை, வேகமான கதை. ஆனால் அந்த வீதியில் வடக்கே நடந்துகொண்டே போனால் எங்கே போய் நிற்பீர்கள்? பரிஸில் நம் தமிழர்களின் கடைத்தெருவான லாச்சப்பலில். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், புடவைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய் தொங்கும் மரக்கறிக்கடை. ஓகஸ்ட் கடைசியில் மாணிக்கப் பிள்ளையார் தேர் வரும்போது தெருவில் தேங்காய் உடைக்கும் இடம். அந்தப் பக்கம் அந்தக் கதை போகவே இல்லை.

அங்கே காதல் இல்லையா? பகலெல்லாம் குசினியில் கோப்பை கழுவிவிட்டு, இரவில் போன்கார்ட் வாங்கி ஊரிலிருக்கும் பெண்ணோடு வருடக்கணக்காகப் பேசியே காதலை வளர்த்த ஒரு தலைமுறை இருக்கிறது. விசா வரும்வரை காத்திருந்து, விமான நிலையத்தில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் தடுமாறியவர்கள் இருக்கிறார்கள்.

2015இல் பிரான்ஸுக்கு வந்த ஈழத்தமிழ் அகதிகளைப் பற்றிய 'தீபன்' படம் வந்தது, கானில் முதல் பரிசான தங்கப்பனை வாங்கியது. பெருமைதான். அதில் தீபனுக்கும் யாழினிக்கும் நடுவில் மெல்ல மெல்ல வளரும் நெருக்கம்தான் எனக்குப் படத்தின் உயிர். கடைசியில் துப்பாக்கி அதை விழுங்கிவிட்டது. நம்மைப் பற்றி எடுத்தால் போரும் வன்முறையும் வந்தே ஆக வேண்டுமா? சும்மா ஒரு காதல் கதையில் நாம் வரக்கூடாதா?

பரிஸில் சினிமா படிக்கிற, கமெராவோடு திரிகிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஐந்தே நிமிடம் போதும். யாராவது ஏற்கெனவே எடுத்திருந்தால் இணைப்பைக் கீழே போடுங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.