பிணத்துக்குப் பூட்ஸ் மாட்டும் கதைக்குச் சிரிக்கலாமா?

'ஆபரேஷன் மின்ஸ்மீட்' என்ற இசை நாடகத்தை லண்டனில் பார்த்துவிட்டுக் கோலாலம்பூர் திரும்பியதிலிருந்து எங்கள் குடும்பம் இரண்டு கட்சியாகிவிட்டது. அக்கா மகள் அதன் பாட்டுகளைக் காரில் ஓடவிட்டுக்கொண்டு, சாலை நெரிசலிலும் சிரித்த முகமாக இருக்கிறாள். அவளுடைய அப்பா, அதாவது எங்கள் அத்தான், இடைவேளையிலேயே எழுந்து போகப் பார்த்தவர். டிக்கெட் விலையை ரிங்கிட்டில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி உட்கார்ந்தார். "செத்தவன் உடம்பை வைத்துக்கொண்டு இப்படியா கூத்தடிப்பது?" என்று இன்றும் பொருமுகிறார். பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடைவரை இந்தச் சண்டை வந்துவிட்டதால் என் பங்கையும் எழுதிவிடுகிறேன்.

கதை உண்மையில் நடந்தது. 1943இல் நேச நாடுகள் சிசிலியில் படை இறக்கத் திட்டமிட்டிருந்தன. தாக்குதல் கிரேக்கத்திலும் சார்டினியாவிலும்தான் என்று ஹிட்லரை நம்பவைக்க வேண்டும். பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் ஒரு பிணத்தைத் தேடினார்கள். கிடைத்தவர் கிளின்டூர் மைக்கேல், வேல்ஸ்காரர், வயது 34. வீடு வாசல் இல்லாமல் லண்டனில் திரிந்து, எலி மருந்து தின்று இறந்தவர். அவருக்கு ராயல் மரீன் படையின் மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயரிட்டார்கள். பொய்க் கடிதங்கள் அடங்கிய பெட்டியை உடம்போடு சங்கிலியால் பிணைத்து, ஏப்ரல் 30 அன்று நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஸ்பெயினின் வெல்வா நகரத்துக்கு அருகே கடலில் விட்டார்கள். ஜெர்மானியர்கள் நம்பினார்கள். ஜூலையில் சிசிலியில் படை இறங்கியது.

இதில் எதை நாடகக்காரர்கள் கேலியாக்கினார்கள் என்று அத்தான் கேட்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நடந்ததே அப்படி. பிணம் பிணவறைக் குளிரில் உறைந்து கிடந்ததால் பாதங்கள் மடங்கவில்லை, பூட்ஸ் ஏறவில்லை. மின்சாரக் கணப்பை வைத்துக் கணுக்காலைச் சூடாக்கி, இளகவைத்து மாட்டினார்கள். சட்டைப்பையில் இல்லாத காதலியின் புகைப்படம், அவள் எழுதியதாகக் கடிதங்கள், நிச்சயதார்த்த மோதிரம் கடனுக்கு வாங்கிய ரசீது, கணக்கில் பணம் இல்லை என்று வங்கி அனுப்பிய கண்டிப்புக் கடிதம், நாடகம் பார்த்துவிட்டு வந்ததற்கு அடையாளமாகப் பாதி கிழித்த டிக்கெட்டுகள். எந்த நகைச்சுவை எழுத்தாளனும் இதற்கு மேல் யோசித்திருக்க முடியாது.

மேடையில் ஐந்தே பேர். எண்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களை அவர்களே மாற்றி மாற்றி ஏற்கிறார்கள். பெண்கள் மீசை முறுக்கும் அதிகாரிகளாகிறார்கள், ஆண்கள் தட்டச்சுப் பெண்களாகிறார்கள். வேகம் அதிகம், ஆங்கிலம் பழகிய காதுக்கே பாதி வசனம் தப்பிவிடும். நம் ஊர் ரசிகர்கள் சிலர் சலித்துக்கொள்வதற்கு இது நியாயமான காரணம்.

இன்னொரு குறையும் உண்டு, அதில் நான் அத்தான் பக்கம். இரண்டாம் பாதி தொடங்கும்போது நாஜிகள் இளைஞர் இசைக்குழுவைப் போல ஆடிப் பாடுகிறார்கள். அரங்கம் அதிர்ந்தது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. கதைக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒட்டுறவு இல்லை. கைதட்டல் வாங்குவதற்கென்றே செருகியது போல இருந்தது.

ஆனால் அதே அரங்கம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்த இடமும் உண்டு. ஹெஸ்டர் லெகட் என்ற மூத்த செயலாளர், பொய்க் காதலிக்காகக் கடிதம் எழுதிக்கொடுக்க உட்காருகிறார். எழுத எழுத அது அவருடைய சொந்தத் துக்கமாகிவிடுகிறது. அந்தப் பாத்திரத்தை முதலில் ஏற்ற ஜாக் மலோன் என்ற ஆண் நடிகருக்கு லண்டன் நாடக உலகின் ஒலிவியர் விருதும் 2025இல் நியூயார்க்கின் டோனி விருதும் கிடைத்தன. அதுவரை சிரிக்கவைத்து நம்மை அசந்திருக்கச் செய்துவிட்டதால்தான் அந்தக் கடிதம் அப்படிப் போய்த் தைக்கிறது. நாடகத்தின் மேல் பித்துப் பிடித்த ரசிகர்கள் பழைய ஆவணங்களைத் துழாவி, அந்த அம்மாள் உளவுத்துறையில் வேலை பார்த்தவர்தான் என்பதை உறுதிசெய்தார்கள். லண்டன் அரங்கிலேயே அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். கேலி செய்தால் இறந்தவர்கள் மறக்கப்படுவார்கள் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

போரைப் பார்த்துச் சிரிப்பது வெள்ளைக்காரன் புத்தி என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் கலிங்கத்துப்பரணியைப் புரட்டிப் பார்க்கட்டும். தோற்று ஓடும் கலிங்க வீரர்கள் வில் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, "கங்கையாட வந்தோம், அகப்பட்டுக்கொண்டோம்" என்கிறார்கள். யானையின் மணியைத் தாளமாகப் பிடித்து, "நாங்கள் பாணர்கள்" என்று கும்பிடுகிறார்கள். போர்க்களத்துப் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, பிணங்களைக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கின்றன. நம்மை யாரும் இந்த வித்தையில் முந்திவிடவில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். செயங்கொண்டார் வென்றவனின் சபையில் தோற்றவனைக் காட்டிச் சிரிக்கவைக்கிறார். லண்டன் நாடகமோ வென்ற அதிகாரிகளையே கேலிக்கு இழுக்கிறது. ஒரு ஏழையின் உடம்பை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்ட அவர்களுடைய மேட்டிமைதான் அதற்கு இரை. கடைசியில் மைக்கேலின் பெயரை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறது. வெல்வா கல்லறையில் அந்தப் பெயர் பொறிக்கப்பட்டதோ 1998இல்தான்.

அத்தானின் கோபத்துக்கு வேரே வேறு. அவருடைய பெரியப்பாவைக் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, போர்க்காலத்தில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. வெல்வாவில் மேஜர் மார்ட்டினை ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்த அதே 1943இன் மே, ஜூன் மாதங்களில்தான் அந்தத் தண்டவாள முகாம்களில் காலரா பரவி நம் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் கைதிகளாக இறந்த வெள்ளைச் சிப்பாய்கள் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பெயராக எதுவும் கிடையாது. இலவசப் படம் காட்டுவதாகக் கொட்டகைக்கு அழைத்து, கதவை அடைத்து, அப்படியே ரயிலேற்றினார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். அத்தான் இதைக் கேட்டே வளர்ந்தவர். அரங்கத்தில் விளக்கணைந்ததும் அவருக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆங்கிலேயர்கள் தங்கள் கதையைப் புத்தகமாகவும் படமாகவும் பலமுறை பயபக்தியோடு சொல்லி முடித்துவிட்டார்கள். அதனால் கேலிக்கு வந்திருக்கிறார்கள். நாம் இன்னும் முதல் தடவையே சரியாகச் சொல்லவில்லை. அழுது தீர்த்த பிறகுதான் சிரிக்க வேண்டும் என்கிறார் அத்தான். அப்படிக் காத்திருந்தே எண்பது வருடம் போய்விட்டது என்கிறேன் நான்.

கேலி நாடகத்துக்குச் சயாமைத் தொட வேண்டாம், பினாங்கை எடுத்துக்கொள்ளலாம். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அங்கேயே மடிந்தார்கள். சில நாளில் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு வெள்ளை அரசாங்கம் நழுவியது. கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கியவர் யாழ்ப்பாணத் தமிழ் வழியில் வந்த பத்திரிகை ஆசிரியர் எம். சரவணமுத்து. ஊரில் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் சொன்னவரும் அவரே. ஓடியவர்கள் வானொலி நிலையத்தை உடைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள். பிறகு ஜப்பானியர்கள் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரைக் கூப்பிட்டு, எங்கள் குண்டுவீச்சு எப்படி இருக்கிறது என்று நலம் விசாரித்தார்கள்.

இதற்குத் தெருக்கூத்துக் கட்டியக்காரன் ஒருவன் வேண்டும், ஐந்து நடிகர்கள் போதும். செந்தூல் அரங்கில் யாராவது துணிந்து போட்டால் முதல் வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்துவிடுவேன். ஒன்று அத்தானுக்கு. இடைவேளையில் வாசலை மறித்து நிற்பது என் பொறுப்பு.