எடைக்குப் போட வந்த ஹாரி பாட்டர்

கடைக்காரர்: என்ன தம்பி, ஹாரி பாட்டர் நாவலில் மூன்றுதான் இருக்கிறது? ஏழு இருக்க வேண்டுமே.

வாசகர்: ஐந்து, ஆறு, ஏழு மட்டும்தான் அண்ணாச்சி. முதல் நாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைக்காரர்: பாதிக் குடித்தனத்தை மட்டும் காலி செய்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

வாசகர்: நாலோடு நிறுத்தியிருக்க வேண்டிய கதை. அப்புறம் வந்ததெல்லாம் வீண் கனம்.

கடைக்காரர்: பழைய பேப்பர் கடைக்கு வந்து கனத்தைக் குறை சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். (ஐந்தாவதைத் தராசில் வைக்கிறார்.) அருமையான புத்தகம்.

வாசகர்: எடையைச் சொல்கிறீர்களா?

கடைக்காரர்: தட்டில் வைத்த பிறகு வேறு எதைச் சொல்வது?

வாசகர்: என் புகாரே அதுதான். முதல் மூன்றும் சேர்த்து 791 பக்கம். இது ஒன்று மட்டும் 766! "கொஞ்சம் வெட்டுங்கள் தாயே" என்று இதை எழுதிய ரோலிங் அம்மாளிடம் சொல்ல லண்டனில் ஓர் ஆள் இல்லையா?

கடைக்காரர்: வெட்டினால் எனக்கல்லவா நஷ்டம்.

வாசகர்: சரி, பக்கத்தை விடுங்கள். கதை ஆரம்பித்து நாலு அத்தியாயத்துக்குள் ஹாரி கத்த ஆரம்பித்துவிடுகிறான். எல்லாம் கேப்பிட்டல் லெட்டரில். நண்பனைப் பார்த்துக் கத்தல், தலைமையாசிரியரைப் பார்த்துக் கத்தல். படிக்கிற எனக்குக் காது வலிக்கிறது.

கடைக்காரர்: வயது பதினைந்துதானே?

வாசகர்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர்: என் வீட்டிலும் பதினைந்தில் ஒன்று இருக்கிறது. அதுவும் கேப்பிட்டல் லெட்டரில்தான் பேசும். இத்தனைக்கும் அதன் அப்பா அம்மாவை எந்த மந்திரவாதியும் கொல்லவில்லை. அப்பா உயிரோடு இருப்பதுதான் அதன் குறையே.

வாசகர்: அண்ணாச்சி, நீங்கள் இதைப் படித்திருக்கிறீர்களா?

கடைக்காரர்: எனக்கு ஏது நேரம்? மகள் படிப்பாள். ராத்திரி நான் கட்டுப் போடும்போது கதை சொல்வாள். ஒரு அத்தியாயத்துக்கு நாலு கட்டு ஆகும்.

வாசகர்: அப்படியானால் உங்களிடமே கேட்கிறேன். ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் செத்தது நியாயமா?

கடைக்காரர்: அவன் எங்கே செத்தான்? பாதி கழுகு, பாதி குதிரையாக ஒன்று இருக்கிறதே, அதன்மேல் ஏறிப் பறந்து போய்விட்டானே.

வாசகர்: அது மூன்றாவது புத்தகம்!

கடைக்காரர்: ஆமாம். போன வாரம்தான் முடித்தாள். இனி அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

வாசகர்: ஐந்தாவதில் செத்துவிடுகிறான் அண்ணாச்சி! திரைச்சீலைக்குள் விழுந்து!

கடைக்காரர்: அது போன தீபாவளியோடு சரியாகிவிட்டது தம்பி.

வாசகர்: சரியாகிவிட்டதா? நீங்கள் எந்த வரிசையில் படித்தீர்கள்?

கடைக்காரர்: கடைக்கு வருகிற வரிசையில்தான். யாரோ வீட்டைக் காலி செய்தபோது ஏழாவது வந்தது. அப்புறம் ஐந்து. அப்புறம் மூன்று.

வாசகர்: (தலையில் கை வைத்து) கடைசியிலிருந்து! அதெல்லாம் ஒரு படிப்பா?

கடைக்காரர்: அதில் உள்ள சுகம் உங்களுக்குத் தெரியாது. உங்கள் கதையில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். எங்கள் கதையில் ஒவ்வொருவராகப் பிழைத்து வருகிறார்கள். ஏழில் அந்தப் பெரியவர், தலைமையாசிரியர் டம்பிள்டோரின் சமாதியை உடைத்துத் திறந்தார்கள். ஐந்தைப் பிரித்தால் மனுஷர் எழுந்து நடமாடுகிறார். ஏழின் ஆரம்பத்திலேயே செத்துப்போன ஆந்தை திரும்பி வந்து கடிதம் கொண்டுபோகிறது. புத்தகமும் ஐந்தைத் தாண்டினால் இளைக்கிறது, பையனும் போகப் போகச் சின்னவனாகிறான். முதலாவது கிடைத்துவிட்டால் கைக்குழந்தையாக வாசற்படியில் கிடப்பானாம், சொன்னார்கள்.

(வாசகர் பதில் சொல்ல வாய் திறந்து மூடுகிறார். இதை எழுதும் எனக்கும் பதில் தெரியவில்லை.)

வாசகர்: சரி, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் படியுங்கள். அந்த முகம் பார்க்கும் கண்ணாடி விஷயத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? அவசரமென்றால் இதில் என்னைக் கூப்பிடு என்று சிரியஸ் அந்தக் கண்ணாடியைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறான். இவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டிக்குள் போடுகிறான். அதைப் பிரித்திருந்தால் அந்த ஆள் செத்தே இருக்க மாட்டான். 766 பக்கத்தையும் காப்பாற்றியிருக்கலாம்!

கடைக்காரர்: தம்பி ஹாஸ்டலில் படித்தீர்களோ?

வாசகர்: ஆமாம். ஏன்?

கடைக்காரர்: அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியை எப்போது பிரித்தீர்கள்?

வாசகர்: (மெதுவாக) அது வேறு.

கடைக்காரர்: எப்போது?

வாசகர்: கோர்ஸ் முடிந்து பெட்டி கட்டும்போது. அதை விடுங்கள். அந்த அதிகாரி அம்ப்ரிட்ஜ் மட்டும் நன்றாக வந்திருக்கிறாள், அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

கடைக்காரர்: அந்த இளஞ்சிவப்பு உடுப்பு அம்மாள்தானே? தினம் ஒரு சட்டம் எழுதிச் சுவரில் மாட்டிக்கொண்டே இருப்பாள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் அவளுடைய அக்கா தங்கை எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

வாசகர்: ஏழாவதுக்கு வாருங்கள். ஹாரியும் நண்பர்கள் இருவரும் காட்டில் டென்ட் அடித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். டென்டைப் பிரிப்பார்கள், இன்னொரு காட்டில் அடிப்பார்கள். உலகமே அழிகிறது, இவர்கள் காளான் பறிக்கிறார்கள். ஒரு லாக்கெட்டை மாறி மாறிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எரிந்து விழுகிறார்கள். ரான் கோபித்துக்கொண்டு போயே போய்விடுகிறான். மந்திரக் கதையா இது?

கடைக்காரர்: அதுதான் எனக்குப் பிடித்த இடம். மந்திரத்தாலும் சோறு ஒன்றுமில்லாததிலிருந்து வராது என்று அந்தப் பெண் சொல்கிறாளே.

வாசகர்: ஹெர்மயனி.

கடைக்காரர்: அவள்தான். அன்றைக்குத்தான் இந்தக் கதையை நான் நம்ப ஆரம்பித்தேன். மூன்று பேர், ஒரு டென்ட், பசி. சண்டை வராமல் என்ன வரும்? (ஏழாவதைக் கையில் எடுத்து) தம்பி, இதன் முதுகு உடைந்திருக்கிறதே.

வாசகர்: பழசு அல்லவா? 2007 ஜூலை 21 அன்று விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கியது.

கடைக்காரர்: பழசானால் மஞ்சளாகும், முதுகு உடையாது. எத்தனை தடவை படித்தீர்கள்?

வாசகர்: ஐந்தாறு இருக்கும். குறையெல்லாம் சரிதானா என்று பார்க்க.

கடைக்காரர்: இங்கே சாம்பார் கறை.

வாசகர்: டாபி சாகிற இடம். சாப்பிட்டுக்கொண்டே படித்தேன்.

கடைக்காரர்: அடுத்த பக்கத்தில் இன்னொரு கறை. இது வத்தக்குழம்பு.

வாசகர்: அது இன்னொரு தடவை.

கடைக்காரர்: முதலாவது எப்படி இருக்கிறது?

வாசகர்: கண்ணாடி போட்ட அலமாரியில், புதுசு மாதிரி.

கடைக்காரர்: அதைக் கொண்டு வந்திருக்கலாமே. படிக்காத புத்தகத்துக்கு நல்ல விலை உண்டு.

வாசகர்: உங்களுக்குப் புரியாது அண்ணாச்சி. நாலாவது 2000-த்தில் வந்தது. ஐந்தாவது 2003 ஜூனில். எட்டாம் வகுப்பில் காத்திருக்க ஆரம்பித்துப் பதினொன்றில்தான் கையில் கிடைத்தது. அந்த மூன்று வருடத்தில் நானே மனசுக்குள் ஓர் ஐந்தாவதை எழுதி முடித்துவிட்டேன். அதில் சிரியஸ் சாகவில்லை. வழக்கில் ஜெயித்து, ஹாரியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். ஊரெல்லாம் பட்டாசு.

கடைக்காரர்: அப்படிச் சொல்லுங்கள். இவ்வளவு நேரமும் அந்த அம்மாள் எழுதியதைத் திட்டுகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன். உங்களுடையது அச்சாகவில்லை என்று கோபம்.

(சிறிது நேரம் தராசின் முள் மட்டும் ஆடுகிறது.)

வாசகர்: கடைசி அத்தியாயத்தையாவது ஒத்துக்கொள்வீர்களா? பத்தொன்பது வருடம் கழித்து ரயிலடி. எல்லாருக்கும் கல்யாணம், எல்லாருக்கும் குழந்தை. அதிலும் ஹாரியின் பிள்ளைகள் பெயரைப் பாருங்கள். மூத்தவன் ஜேம்ஸ், கடைக்குட்டி லில்லி. நடுப்பிள்ளைக்கு இரண்டு தலைமையாசிரியர்களின் பெயர், அதில் ஒருவர் இவனை ஆறு வருடம் வகுப்பில் வறுத்தெடுத்தவர்!

கடைக்காரர்: தாத்தா பெயரைப் பேரனுக்கும் பாட்டி பெயரைப் பேத்திக்கும் வைத்திருக்கிறான். இதில் என்ன குறை? நம் வீட்டில் வைத்தால் வழக்கம், வெள்ளைக்காரன் வைத்தால் தப்பா?

வாசகர்: வாத்தியார் பெயர்?

கடைக்காரர்: அது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பெயரை என் மகளுக்கு வைக்க எனக்கு மனசு வந்திருக்காது. ஆமாம், எட்டாவது என்று ஒன்று வருகிறதே?

வாசகர்: 2016-இல் வந்த நாடகமா?

கடைக்காரர்: அதேதான். அழுக்கே படாமல் வருகிறது.

வாசகர்: அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கடைக்காரர்: வேண்டாம்.

(அன்றைய தினம் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் இது.)

வாசகர்: சரி, மூன்றுக்கும் எவ்வளவு தருவீர்கள்?

கடைக்காரர்: ஐந்தும் ஏழும் வேண்டாம், வீட்டில் இருக்கிறது. ஆறை மட்டும் வையுங்கள்.

வாசகர்: ஆறு மட்டுமா? செட் உடைந்துவிடுமே!

கடைக்காரர்: நாலுக்கு மேல் செட்டே இல்லை என்றீர்கள்?

வாசகர்: இல்லைதான். ஆனாலும் நடுவில் ஒன்று போனால் அலமாரியில் பல் விழுந்த மாதிரி இருக்கும். அதோடு ஆறில் ஒன்றுமே இல்லை அண்ணாச்சி. பாதி காதல், மீதி வில்லன் வால்டெமார்ட்டின் தாத்தா வீட்டுப் பழங்கதை.

கடைக்காரர்: அவள் அதற்குத்தான் தவம் கிடக்கிறாள். பெரியவரைக் கொன்றது யார், ஏன் கொன்றான் என்பதெல்லாம் ஏழிலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் பாக்கி.

வாசகர்: அதுவா? அந்தக் கோபுரத்தின் உச்சியில்...

கடைக்காரர்: தம்பி! இன்னொரு வார்த்தை வந்தால் உங்களையும் சேர்த்துக் கட்டுப் போட்டுவிடுவேன்.

வாசகர்: சரி சரி. விற்கவில்லை. பத்து நாள் படிக்கக் கொடுக்கிறேன், அப்புறம் திருப்பித் தந்துவிட வேண்டும்.

கடைக்காரர்: இரவல் கணக்கெல்லாம் இந்தக் கடையில் கிடையாது, எடைக் கணக்குதான். இப்போது எடை போட்டு வாங்கிக்கொள்கிறேன். திருப்பித் தரும்போது மறுபடி போடுவோம். குறைந்திருந்தால் குறைந்ததற்குக் காசு.

வாசகர்: கூடியிருந்தால்?

கடைக்காரர்: கூடியிருந்தால் அது சாம்பார். அதற்குக் காசு வேண்டாம்.