ஆலோசகர் இடத்தில் சாப்ளினா?

அமெரிக்காவின் டெக்சாஸ் அரசுப் பள்ளிகள் சாப்ளின்களை, அதாவது ராணுவத்திலும் மருத்துவமனையிலும் இருக்கும் மதப் பணியாளர்களை, மாணவர்களுக்கு ஆதரவு தர வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் சட்டம் வந்தது. இங்கே நம்மாட்கள் சிலர், "நாலு நல்ல வார்த்தை சொன்னால் என்ன கெட்டுப்போச்சு?" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நான் சாமி கும்பிடுகிற ஆள்தான். மருத்துவமனையில் சாப்ளின் வந்து உட்கார்ந்தால், படுத்திருப்பவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் ஒரு பெரியவரிடம் அப்படிச் சொல்லுமா?

சட்டத்தைப் படித்துப் பாருங்கள், சின்னதுதான். பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்டு உதவும் பள்ளி ஆலோசகர் ஆக முதுகலைப் பட்டமும் மாநிலச் சான்றிதழும் வேண்டும். சாப்ளினுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. குற்றப் பின்னணிச் சோதனையில் தேறினால் போதும். மதம் பரப்பக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. பெற்றோரைக் கேட்க வேண்டும் என்றும் இல்லை. சம்பளத்தைப் பள்ளிப் பாதுகாப்பு நிதியிலிருந்து கொடுக்கலாமாம். கேமராவுக்கும் கதவுப் பூட்டுக்கும் போகிற அதே காசு!

அப்பா அம்மா பிரியப்போகிறார்கள் என்று ராத்திரி தூங்காமல் கிடக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் என்றால் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று ஆரம்பித்து, உன்னை ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்பதுவரை கேட்பார். அந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளை மிரளாமல் கேட்பதற்குத்தான் அத்தனை படிப்பு. பயிற்சி இல்லாத ஒருவர் நல்ல மனதோடேயே "வா, ஜெபம் பண்ணலாம்" என்றால், அதைக் கேட்க ஆளில்லாமல் போகும்.

நூற்றுக்கும் மேற்பட்ட சாப்ளின்களே இது வேண்டாம் என்று, பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு அதன் எல்லையும் தெரியும்.

"நம்ம கோயில் குருக்களும் போகலாமே" என்கிறார் ஒரு நண்பர். 2024-இல் ஃப்ளோரிடாவும் இதே மாதிரிச் சட்டம் போட்டது. 'சாத்தான் கோயில்' (The Satanic Temple) என்ற அமைப்பினர் நாங்களும் வருவோம் என்றதும், அதெல்லாம் மதமே இல்லை என்று ஆளுநர் டிசான்டிஸ் சொல்லிவிட்டார். எது மதம் என்று ஆளுநர் முடிவுசெய்யும் ஊரில் பிள்ளையாருக்கு எவ்வளவு நாள் இடம் இருக்கும்?

சரி, ஆலோசகர் பற்றாக்குறை உண்மைதான். 250 மாணவர்களுக்கு ஒருவர் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம். டெக்சாஸ் அதை எட்டவில்லை. அப்படியென்றால் ஆலோசகரை வையுங்கள்.

டெக்சாஸில் சாப்ளின் வேண்டுமா என்று 2024 மார்ச் 1-க்குள் ஒவ்வொரு பள்ளி வாரியமும் வாக்கெடுக்க வேண்டியிருந்தது. பெரிய பள்ளி மாவட்டங்கள் பல வேண்டாம் என்றன. ஆனால் வாரியம் மாறினால் முடிவும் மாறலாம். பல ஊர்களில் வாரியத் தேர்தல் மே மாதம் வருகிறது. ஓட்டுரிமை இருக்கிற நம்மாட்களிலும் பாதிப் பேருக்கு அது தெரிவதே இல்லை.