இரண்டு பூசணியைக் குழப்பாதீர்கள்

"பூசணிச் சாற்றில் வைட்டமின் ஏ ஏராளம், தினமும் குடித்தால் கண்ணாடியே தேவைப்படாது" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். கூடவே போட்டிருக்கும் படம் வெண்பூசணி! திருஷ்டிக்கு உடைப்போமே, மோர்க்குழம்பில் போடுவோமே, அந்தக் காய். பெரும்பகுதி தண்ணீர்தான், வைட்டமின் ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டின் அதில் இல்லை என்றே சொல்லலாம்.

அவர் சொல்லும் சத்து மஞ்சள் பூசணியில், அதாவது பரங்கிக்காயில் இருக்கிறது. 100 கிராமில் சுமார் 3 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். கலோரியோ வெறும் 26. கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால், வெறும் சாற்றைவிடத் தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு மேல்.

வெண்பூசணி லேகியம் சித்த மருத்துவத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையைப் பரங்கிக்கு ஏற்றிவிட முடியாது. பரங்கி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு செடி.

கண்ணாடி விஷயம்: வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு இத்தகைய உணவு உதவும். கிட்டப்பார்வை விழியின் வடிவம் சார்ந்த குறை. எந்தப் பூசணியும் அதைச் சரிசெய்யாது. தயவுசெய்து பிள்ளைகளின் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்.